தெருக் கம்பம் பாண்டியனுக்கு, மொட்டை மாடி சேட்டுவுக்கு

சேட்டு யார் பிள்ளை என்று கேட்டால், எங்கள் ஊரில் அவனுடைய அப்பன் பேரை யாரும் சொல்ல மாட்டார்கள். "ஆண்டாளம்மா தம்பி மகன்" என்பார்கள். தம்பிக்காரன் பாம்பு தீண்டிப் போனபோது சேட்டு இடுப்புக் குழந்தை. உள்ளூரிலேயே வேதகிரிக்கு வாழ்க்கைப்பட்டிருந்த ஆண்டாளம்மாள், தன் பிள்ளைகளுக்குப் பிசைந்த சோற்றில் ஒரு கவளம் இவனுக்கும் ஒதுக்கினாள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு வேறு. சேட்டுவின் தாயார் வேதகிரிக்குப் பங்காளி வீட்டுப் பெண். ஆகையால் அத்தை வீடும் மாமன் வீடும் அவனுக்கு ஒன்றுதான். அந்த வீட்டார் சொன்ன சொல்லை அவன் தட்டியதில்லை. சொல்லாததையும் தட்டியதில்லை. அவனுக்கு வந்த கேடு அந்தச் சொல்லாததிலிருந்து வந்தது.

உத்திரமேரூரிலிருந்து வருகிற தார்ரோடு ஏரிக்கரையில் திரும்பி ஊருக்குள் நுழையும். ஊர்த் தெரு முடிகிற இடத்தில் ஆண்டாளம்மாள் வீடு. அதைத் தாண்டி ஒரு சின்னப் பாலம், கீழே ஏரி மதகிலிருந்து வருகிற கால்வாய். பாலத்துக்கு அந்தப் பக்கம் காலனி. இங்கே தோசை வார்த்தால் அங்கே மணக்கும், அவ்வளவுதான் தூரம். சேட்டு கேபிள் தொழில் ஆரம்பித்த நாளில் கடைசிப் பெட்டியை அத்தை வீட்டு மாடிச் சுவரில் அடித்தான். அந்தப் பெட்டியோடு ஊர் வயர் நின்றது.

தொழிலுக்குக் கூட்டாள் பாண்டியன். காலனிக்காரன். சேட்டுவைவிட நாலைந்து வயது பெரியவன். ஆனாலும் சேட்டுவை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவான். சேட்டு அவனைப் 'பாண்டியா' என்பான். இரண்டு பேரும் சேர்ந்தே ஏணி சுமந்தார்கள், சேர்ந்தே மழையில் நனைந்தார்கள், ஒரே பார்சலைப் பிரித்து இட்லி தின்றார்கள். வேலையில் மட்டும் ஒரு பாகப்பிரிவினை இருந்தது. தெருக் கம்பம் பாண்டியனுக்கு, மொட்டை மாடி சேட்டுவுக்கு. கம்பத்தில் பாண்டியன் அணில் மாதிரி ஏறுவான். மாடிக்குப் போக வேண்டுமென்றால் வீட்டுக்குள் நுழைந்து, சமையல்கட்டைத் தாண்டிப் படி ஏற வேண்டும். அங்கே சேட்டு போவான். பாண்டியன் தெருவில் நின்று வயரை மேலே வீசுவான். யாரும் இப்படிச் செய் என்று சொன்னதில்லை. முதல் நாள் எப்படி நடந்ததோ அப்படியே பழகிவிட்டது.

சர்க்கார் இலவச டிவி கொடுத்த வருஷம், காலனியிலும் வீட்டுக்கு வீடு டிவி வந்து இறங்கியது. பாண்டியன் சந்தோஷமாக வந்து கேட்டான்.

"ண்ணா, நம்மாளுங்கல்லாம் கேபிள் எப்ப இழுப்பேன்னு என்னப் புடுங்கினு கீறாங்க. எப்பண்ணா இழுக்கலாம்?"

சேட்டு அதை எதிர்பார்க்கவில்லை. அத்தை வீட்டுச் சுவரிலிருந்து வயர் பாலத்தைத் தாண்டுவதை மனசுக்குள் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தான். மாமன் வேதகிரியின் மீசையும் தெரிந்தது. "அவனுங்க வூட்டு வயரும் நம்ம வூட்டு வயரும் ஒண்ணாடா?" என்று டீக்கடையில் யாரோ கேட்பதுபோல் காதில் விழுந்தது. ஊரே இணைப்பை அறுத்துவிட்டு மாடியில் டிஷ் குடை வைத்துக்கொண்டால் தன் கதி என்ன? வாயில் வந்ததைச் சொன்னான்.

"பஞ்சாயத்து பர்மிசன் குடுக்கணும் பாண்டியா. பாலம் அவங்களுது. எழுதிப் போட்டுக்கீறேன், வரட்டும்."

எழுதிப் போடவில்லை. பஞ்சாயத்தில் வாய்வார்த்தையாகக்கூடக் கேட்கவில்லை.

பாண்டியன் அதை அப்படியே காலனியில் போய்ச் சொன்னான். அவர்கள் இரண்டு பொங்கல் பார்த்துவிட்டு டிஷ் வாங்கிக்கொண்டார்கள். அதோடு போயிருந்தால் போயிருக்கும். பிறகு கேபிள் வயர் போய் நெட் வயர் வந்தது. பாண்டியன் மறுபடி கேட்டான். இந்தத் தரம் சேட்டு நெடுஞ்சாலைத் துறையைச் சொன்னான். அடுத்த தரம் பொதுப்பணித் துறையைச் சொன்னான், கால்வாய் அவர்களுடையது என்று. கொரோனா சமயத்தில் காலனிப் பிள்ளைகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு சிக்னலுக்காக ஏரிக்கரை மேல் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். பாண்டியன் மகள் பிரிஸ்கில்லாவும் அப்படித்தான் டிகிரி முடித்தாள். சேட்டு வண்டியில் அந்தக் கரை வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான். "டெல்லியிலயே பைலு நிக்குதாம்" என்று அப்போது சொன்னான். ஒரு பொய்க்கு எத்தனை ஆபீஸ் கட்டிக்கொடுத்தான் பாருங்கள்.

பாண்டியன் ஒரு நாள்கூடச் சந்தேகப்படவில்லை. யாராவது காலனியில் குறை சொன்னால், "அவுரு இன்னா பண்ணுவாரு, கவர்மென்ட்டு குடுக்க மாட்டேங்குது" என்று இவனுக்காகச் சண்டைக்குப் போவான்.

போன தை மாசம் நெட் கம்பெனிக்காரர்கள் உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சேட்டு மாதிரி ஊருக்கு ஊர் லைன் எடுத்து நடத்துகிறவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். வயர் டிரம்மை ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்று பாண்டியனும் கூடப் போனான். வசந்த்குமார் என்று ஒரு சூப்பர்வைசர், காஞ்சிபுரத்துப் பையன், மைக்கைப் பிடித்தான்.

"இனிமே கையெழுத்துக்கு ஆபீஸ் ஆபீஸா நிக்க வேணாம். ரூல்ஸ ஈஸி பண்ணிட்டாங்க. தெருவுல போஸ்ட் நடணுமா, ரோட்டோரம் வயர் போவணுமா, ஆன்லைன்ல போட்டுடுங்க. சொன்ன கெடுவுக்குள்ள பதில் வரலன்னா பர்மிசன் வந்த மாதிரிதான். பர்மிசன் வரல, பர்மிசன் வரலன்னு யாரும் எங்கிட்ட கத சொல்ல முடியாது, பாத்துக்குங்க."

மண்டபமே கை தட்டியது. சேட்டுவுக்கு மட்டும் காது மடல் சுட்டது. கடைசி வரிசையில் சுவரோரம் நின்றிருந்த பாண்டியன் இருக்கிற பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டு, இவனைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

திரும்பி வரும்போது வண்டியில் பாண்டியன் வாய் ஓயவில்லை.

"பாத்தியாண்ணா, எம்மாம் வருசமா நீ அலைஞ்ச. கடைசியா அவனுங்களே எறங்கி வந்துட்டானுங்க. எம் பொண்ணுக்கு சாமி பாத்து தொறந்த கதவு இது."

பிரிஸ்கில்லா கைக்குழந்தையோடு தாய் வீட்டில் இருந்தாள். புருஷன் ஒரகடத்தில் ஷிப்டு வேலை. சென்னையில் ஒரு கம்பெனி, ஆஸ்பத்திரி பில்களை வீட்டிலிருந்தே சரிபார்க்கிற வேலைக்கு அவளை எடுத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை, வீட்டில் வயர் நெட் இருக்க வேண்டும். செல்போன் சிக்னல் செல்லாது. மாசி பிறப்பதற்குள் இல்லையென்றால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"போட்டுடலாம்," என்றான் சேட்டு.

ஆன்லைனில் போட்டான். அதற்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. டீ ஆறுவதற்குள் முடிந்தது. இவ்வளவுதானா என்று சேட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கெடுவெல்லாம் ஆகவில்லை, பஞ்சாயத்துக் கிளார்க்கு அடுத்த நாளே போன் பண்ணி, "போட்டுக்கோயேன்பா, காலனிக்கு இன்னும் போடலியா நீ?" என்று கேட்டார். சேட்டு போனை வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகும் அவன் ஏணியை எடுக்கவில்லை. ஒரு நாள் டிரம் சரியில்லை என்றான், ஒரு நாள் மிஷின் ரிப்பேர் என்றான். பிறகு பிரிஸ்கில்லாவே ரேஷன் கடைக்குப் பக்கத்தில் இருக்கிற அவன் கன்ட்ரோல் ரூமுக்கு வந்து நின்றாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அங்கிள், எந்த ஆபீஸ்ல நிக்குது சொல்லுங்க. நா போயி கேக்கறேன். கைக்கொயந்தைய தூக்கினு போனா பாவம் பாத்து குடுப்பாங்க."

"ஆபீஸ்லலாம் ஒண்ணும் நிக்கலமா."

"அப்போ யாருகிட்ட நிக்குது?"

அவள் குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சேட்டு மேஜை மேல் கிடந்த கிளிப்புகளை எண்ணெய் டப்பாவுக்குள் போட்டான், மறுபடி எடுத்தான். "நாளைக்கு காத்தால ஆளுங்க வருவாங்க" என்றான். வருகிற ஆளுங்க அவனும் பாண்டியனும்தான்.

மறுநாள் நாஷ்டா முடித்துவிட்டு இரண்டு பேரும் அத்தை வீட்டுக்கு முன்னால் ஏணியை இறக்கினார்கள். வழக்கம்போல் பாண்டியன் தெருவில் நின்றான். வழக்கம்போல் சேட்டு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். வேதகிரி போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். கூடத்தில் மாலை போட்ட படத்துக்குள்ளிருந்து மீசை மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டிருந்தது. ஆண்டாளம்மாள் மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். எழுபது தாண்டியவள். கண் மங்கலே தவிர நாக்கு மங்கல் இல்லை.

"இன்னாடா மருமவனே, பொட்டியாண்ட இன்னா நோண்டினு கீற?"

"ஒண்ணுமில்லத்தே. லைன் கொஞ்சம் நீட்டணும்."

"எங்க நீட்டற?"

சேட்டு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். "காலனிக்குத்தே. ரூல்ஸ் மாறிடுச்சு. யாரு பர்மிசனும் வேணாமாம். கவர்மென்ட்டே சொல்ட்டான். நா இன்னா பண்றது." தன் குற்றம் ஒன்றும் இல்லை என்கிற மாதிரி ஒரு குரல். பாண்டியனிடம் இத்தனை காலம் பேசிய அதே குரல். சர்க்கார் முன்பு தரமாட்டேன் என்றது, இப்போது தருகிறேன் என்கிறது, நடுவில் சேட்டு ஒரு அப்பாவி.

கிழவி மிளகாயை விட்டு நிமிர்ந்தாள். "இத்தினி நாளு ஏன் போடல?"

"நீ... மாமா... ஒத்துக்கணும் இல்லத்தே."

"என்ன எப்படா கேட்ட?"

சேட்டு பெட்டி மூடியைக் கழற்ற ஆரம்பித்தான்.

"மாமாவக் கேட்டியா? பொய் சொல்லாத, அவுரு போட்டோ கீழதான் கீது."

"கேட்டா வேணாம்னுதானே சொல்லுவீங்க."

"ஆமாண்டா, வேணாம்னுதான் சொல்லியிருப்போம். உங்க மாமன் வேட்டிய மடிச்சி கட்டினு கத்தியிருப்பாரு. அது எங்க பவுசு. அந்தப் பயி பாவம் எங்களோட போயிருக்கும். நீ கேக்கவே இல்லியே! எங்க பேரச் சொல்லவும் துப்பில்ல, எங்கள எதுத்து நிக்கவும் துப்பில்ல. நடுவுல கவர்மென்ட்ட இட்டாந்து நிக்க வெச்சிட்டியா? அவன்கிட்ட இன்னான்னு சொன்ன, பர்மிசன் வரலன்னா?"

வயதானவர்கள் பேச்சு தெருவுக்கே கேட்கும். சேட்டு கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தான். பாண்டியன் ஏணியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றிருந்தான். ஏணியில் யாரும் இல்லை. இருந்தும் இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"சரி, போடு," என்றாள் அத்தை. "அந்தக் கொயந்தகாரிக்கு வேல வந்துகீதுன்றான் கிளார்க்கு. போட்டுனு போ. ஆனா வூட்டு வயியா அவன மேல இட்டாராத. நீயே கட்டு."

இழுத்துக் கட்ட மேலே இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தன் இழுக்க, ஒருத்தன் கொக்கியில் மாட்ட. அது சேட்டுவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'பாண்டியன் வந்தாதான் வேலை ஆவும்த்தே' என்று சொன்னால் போதும். தொழில் பேச்சு, அதில் சண்டைகூட இல்லை. இப்போதுதானே கேட்கவில்லை என்று செருப்பால் அடித்த மாதிரி வாங்கினான்.

"சரித்தே," என்றான்.

அந்தச் 'சரித்தே' கீழே பாண்டியன் காதில் விழுந்ததா இல்லையா என்று அவன் எட்டிப் பார்க்கவில்லை.

ஒற்றை ஆளாய் வயரை வயிற்றில் சுற்றி இழுத்துக் கட்டினான். உள்ளங்கை அறுந்தது. பாண்டியன் பாலத்துக் கம்பத்தில் ஏறி அந்தப் பக்கத்து முனையைக் கட்டினான். வழக்கமாக, "விடுண்ணா, புடிண்ணா, போதும்ணா" என்று கத்துவான். அன்று கையை மட்டும் ஆட்டினான்.

பாண்டியன் வீட்டுக்குள் சேட்டு போனது அன்றுதான் முதல் தடவை. ஒரு முழு ஆயுள் கூட வேலை செய்தவன் வீடு. உள்ளே ஏசுநாதர் படமும் முருகர் காலண்டரும் ஒரே ஆணியில் தொங்கின. பெண்சாதி பரிமளா கர்த்தர் பக்கம், பாண்டியன் திருத்தணி பக்கம். ஜன்னலோரம் ஒரு மேஜையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள் பிரிஸ்கில்லா. சேட்டு குனிந்து ஜாயின்ட் போட்டான். வயருக்குள் இருக்கிற கண்ணாடி இழை முடியைவிட மெல்லிசு, கை நடுங்கினால் ஒட்டாது. மூன்று தரம் முறிந்தது. கடைசியில் மோடத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் வாசலில் கூடியிருந்த சனம் ஓ என்றது.

"ஏன் பாண்டி," என்று வாசலிலிருந்து மோகன்குமார் கேட்டான். பாண்டியன் சித்தப்பன் மகன், எப்போதும் கொஞ்சம் நக்கல். "இத்தினி வருசமா வராத பர்மிசன் இன்னிக்கு எப்பிடி வந்துச்சு? உங்க அண்ணன் கனவு கண்டாரா?"

சேட்டு தலை நிமிரவில்லை. மோடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பின்னால் பாண்டியன் குரல் கேட்டது, சமமான குரல்.

"ரூல்ஸ் இப்பதான்டா மாத்துனான். மண்டபத்துல மைக்குல சொன்னான், நா எங்காதால கேட்டேன். அதுக்கு முன்ன எவனால போட முடியும்?"

"அப்டியா," என்றான் மோகன்குமார். அதோடு விட்டுவிட்டான்.

சேட்டுவுக்கு அந்த மண் தரை பிளந்து வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. எல்லாம் கேட்டுவிட்டும் தன் மானத்தைக் காப்பாற்றினானே என்று அவனுக்குக் கண் கலங்கியது. பரிமளா கொடுத்த காபியைச் சுடச்சுட விழுங்கிவிட்டு வெளியே வந்தான். பாலத்துக்கிட்டே பாண்டியன் ஏணியை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தான்.

"பாண்டியா, நீ பெரிய மனுசன். எம் பேரக் காப்பாத்திட்ட."

பாண்டியன் கயிற்றில் முடிச்சைப் போட்டு இறுக்கினான்.

"உம் பேர எவன் காப்பாத்தினான்? எம் பேரக் காப்பாத்திக்கினேன். பர்மிசன் வரல பர்மிசன் வரலன்னு அத்தினி வூட்டுலயும் போயி சொன்னவன் யாரு? நீயா? நானு. எங்க சித்தப்பன் சாவற வரைக்கும் மேட்ச் பாக்கணும்னு கேட்டுகினே கெடந்தான். வந்துடும், வந்துடும்னு அவனாண்ட சொன்னது நானு. இப்பப் போயி, 'பர்மிசனும் இல்ல மயிரும் இல்ல, சேட்டு என்ன ஏமாத்திட்டான்'னு சொன்னா, எம் மூஞ்சியில எவன் முயிப்பான்? பொய் உன்னுது. சொமந்தது நானு சேட்டு."

சேட்டு என்று அவன் வாயில் அண்ணா இல்லாமல் வந்தது அதுதான் முதல் தரம். கோபமாகக்கூட வரவில்லை, பேர் சொன்ன மாதிரி வந்தது. ஏணியை வண்டியோடு விட்டுவிட்டு அவன் பாலத்தைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடந்தான்.

அதன் பிறகு பாண்டியன் வேலைக்கு வரவில்லை. சண்டை போடவும் இல்லை, வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பவும் இல்லை. சட்டம் லேசானதில் ஊருக்கு ஊர் வயர் இழுக்கிற வேலை கிளம்பிவிட்டது. ராஜகுளம், திருப்புட்குழி பக்கமெல்லாம் ரோட்டோரம் மிஷின் வைத்துத் துளைக்கிறார்கள், கம்பம் நடுகிறார்கள், கை தேர்ந்த ஆள் கிடைக்கவில்லை. வசந்த்குமார் பாண்டியனைப் போனில் கூப்பிட்டு ஒரு கேங்குக்கு மேஸ்திரியாகப் போட்டுவிட்டான். காலையில் கம்பெனி வண்டி பாலத்தில் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. சேட்டு அந்த நேரம் பார்த்துக் கன்ட்ரோல் ரூமுக்குள் புகுந்துகொள்வான்.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானம் வைக்கோல் லாரி ஒன்று பாலத்தில் திரும்பும்போது வயரை வாரிக்கொண்டு போய்விட்டது. பிரிஸ்கில்லா போன் பண்ணினாள். "அங்கிள், நெட் இல்ல. சாயங்காலத்துக்குள்ள பில் அனுப்பணும், இல்லாட்டி பேஜாராயிடும்."

சேட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். அறுந்தது பாலத்துக் கம்பத்தில். மொட்டை மாடி இல்லை, தெருக் கம்பம். இந்த வயசு வரைக்கும் அவன் ஏறாத கம்பம். ஏணியைச் சாய்த்தான். பாலத்துச் சிமென்ட்டில் ஏணிக்கால் வழுக்கியது. மறுபடி சாய்த்தான், மறுபடி வழுக்கியது. கீழே ஒரு ஆள் பிடிக்காமல் முடியாது. சுற்றிப் பார்த்தான். ஊர்ப் பக்கம் வெயிலில் ஒரு நாய் படுத்திருந்தது. காலனிப் பக்கம், முதல் வீட்டு வாசலில் பரிமளா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

சேட்டு தொண்டையைச் செருமினான்.

"ஏணிய கொஞ்சம் புடிக்கிறியா... புடிக்கிறீங்களா?"

பரிமளா முறத்தை நிறுத்தவில்லை. "இன்னா? காதுல விழல. சத்தமா கேளு."

அடுத்த வீட்டில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அதற்கடுத்த வீட்டில் இன்னொன்று. ஊர்ப் பக்கம் அத்தை வீட்டு மாடியிலும் வெள்ளைப் புடவை அசைந்தது.

"ஏணிய புடிக்க ஆளு இல்ல," என்று சேட்டு உரக்கச் சொன்னான். "கொஞ்சம் வந்து புடிங்கம்மா."

பரிமளா முறத்தை வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். ஏணிக்கால் இரண்டையும் பாதத்தால் அண்டை கொடுத்துப் பிடித்தாள். வீட்டுக்காரனைப் பார்த்துப் பழகியது போலிருக்கிறது.

"ஏறு," என்றாள்.

சேட்டு கீழே பார்க்காமல் ஏறினான்.